விண்ணப்பம் போட்டது பிள்ளை. விலை பேசியது யார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று காலை நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். மார்க்கைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிப்பதற்குள் போன் அடிக்கிறது. பெங்களூரில் நர்சிங் சீட், கோவையில் இன்ஜினியரிங் சீட், மங்களூரில் பிசியோதெரபி சீட். அன்று தொடங்கும் அழைப்பு ஆவணி மாதம் வரை ஓய்வதில்லை.

என் மகள் பிளஸ் டூ முடித்த வருடம் எனக்கும் இப்படி அழைப்புகள் வந்தன. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேசிய பெண் என் மகளின் பெயரைச் சொன்னார். எடுத்த குரூப்பைச் சொன்னார். மார்க்கையும் ஏறக்குறையச் சரியாகச் சொன்னார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள், "பாய், எங்க ஹாஸ்டல்ல ஹலால் சாப்பாடு தான், லேடீஸ்க்கு தொழ தனி ரூம் இருக்கு, பயப்படாம அனுப்பலாம்" என்றார்.

நன்றாகக் கவனியுங்கள். நான் யார் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. என் மகளின் பெயரை வைத்து ஊகித்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். ஊகித்திருக்கலாம் தான். ஆனால் அடுத்த வாக்கியத்தில் அவர் "பி.சி.எம். சர்ட்டிபிகேட் இருக்குல்ல பாய்?" என்று கேட்டார். அது ஊகம் அல்ல. அவருக்கு முன்னால் ஒரு பட்டியல் இருந்தது. அதில் மதம், வகுப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியது நாம். வேறு ஏதோ ஒரு காரியத்துக்காக, வேறு யாரிடமோ நிரப்பிக் கொடுத்தோம்.

எந்தக் கல்லூரி, எந்த ஏஜென்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைத் திட்டித் தீர்க்கும் விஷயமாக இது இருந்தால் நேரில் போய்த் திட்டிவிட்டு வந்திருப்பேன். இது ஒருவர் இருவர் செய்யும் காரியம் அல்ல.

பட்டியல் எங்கிருந்து கிளம்புகிறது?

மதுரையில் ஒரு பிள்ளை கல்லூரியில் சேருவதற்குள் தன்னுடைய விவரங்களை எத்தனை இடங்களில் எழுதிக் கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறது. டியூஷன் சென்டரில் கொடுக்கிறது. ஸ்காலர்ஷிப் டெஸ்ட் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும் கோச்சிங் சென்டரில் கொடுக்கிறது. கல்விக் கண்காட்சியின் வாசலில் பரிசுக் கூப்பனில் எழுதிப் போடுகிறது. பிறகு பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கமோ, சிம்மக்கல்லிலோ, மேலூரிலோ, உசிலம்பட்டியிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மார்க் ஷீட்டையும் ஆதாரையும் ஜாதிச் சான்றிதழையும் ஸ்கேன் பண்ணச் சொல்லிவிட்டு, வந்த ஓ.டி.பி.யையும் கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வருகிறது. அந்தக் கம்ப்யூட்டரில் நம் பிள்ளையின் சான்றிதழ்கள் எத்தனை நாள் கிடக்கின்றன என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

கிராமத்திலிருந்து வரும் தகப்பனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வாடிப்பட்டியிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு, விண்ணப்பம் ஒழுங்காகப் போனால் போதும் என்று தான் இருக்கும்.

இந்தப் பட்டியலில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அது நாம் நடத்தும் கல்வி வழிகாட்டி முகாம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு முகாம் நடத்தினோம். மண்டபம் பிடித்து, போஸ்டர் ஒட்டி, ஜும்ஆ மேடைகளில் அறிவிப்புச் செய்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் வரவழைத்தோம். மண்டப வாடகையும் மதிய பிரியாணியும் எங்கள் பொறுப்பு என்று ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்தார் முன்வந்தார்கள். பேனரில் அவர்கள் பெயரைக் கூடப் போட வேண்டாம் என்றார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தோம்! முகாம் முடிந்த மாலை, வருகைப் பதிவேட்டை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொள்கிறோம் என்றார்கள். கொடுத்தோம். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பெயர், ஊர், குரூப், போன் நம்பர், தகப்பனார் தொழில் எல்லாம் அதில் இருந்தன.

அமானிதம் என்பதைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! மக்கள் நம்மை நம்பி எழுதிக் கொடுத்த பதிவேடு அமானிதம் என்பது அன்று என் புத்தியில் ஏறவில்லை. ஒரு வேளை பிரியாணிக்கு நம் பிள்ளைகளின் விவரங்களை நாமே கைமாற்றி விட்டோம். அதற்குப் பிறகு இரண்டு முகாம்களுக்கு இதே போல ஆட்கள் வந்தார்கள். பதிவேடு கிடையாது என்றதும் பிரியாணியும் கிடையாது என்று போய்விட்டார்கள். அப்போது தான் விலை எதற்கு என்று புரிந்தது.

டெல்லியிலும் இதே வியாபாரம் தான்

மதுரையில் நடப்பது சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது.

2018ஆம் ஆண்டு நீட் தேர்வு எழுதிய 2 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் பெயர், போன் நம்பர், முகவரி, மதிப்பெண் ஆகியவை விற்பனைக்குக் கிடக்கின்றன என்ற செய்தி அந்த ஆண்டு ஜூலையில் வெளியானது. அன்று நீட் தேர்வை நடத்தியது சி.பி.எஸ்.இ. ராகுல் காந்தி அதன் தலைவருக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் ஆக வேண்டும் என்று அரசாங்கத்தை நம்பி எழுதிக் கொடுத்த விவரம், காசு வைத்திருப்பவன் கையில்!

அடுத்து பைஜூஸ். ஷாருக் கான் விளம்பரத்தில் வந்தாரே, அந்த நிறுவனம் தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் ஊதிப் பெருத்தது. 2020ல் 30 கோடி டாலருக்கு ஒயிட்ஹேட் ஜூனியரை வாங்கியது. 2021ல் ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு ஆகாஷ் கோச்சிங் நிறுவனத்தை வாங்கியது. அதே 2021 செப்டம்பரில் நிதி ஆயோக்குடன் கைகோத்தது. 112 'முன்னேற விழையும் மாவட்டங்களின்' பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் தருவதாக அறிவித்தார்கள். அந்த 112ல் தமிழ்நாட்டு மாவட்டங்கள் இரண்டு. ராமநாதபுரமும் விருதுநகரும். இரண்டும் நமக்கு அடுத்த வீடு. இலவசம் என்றால் முகம் மலர்ந்து விடுகிற நாம், நுழைவுச் சீட்டாக எதைக் கொடுக்கிறோம் என்று கேட்பதே இல்லை.

2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் அன்றைய தலைவர் பிரியங்க் கானூங்கோ, பைஜூஸ் பிள்ளைகளின், பெற்றோரின் போன் நம்பர்களை விலைக்கு வாங்கித் துரத்துகிறது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டி, நிறுவனத் தலைவரை நேரில் வரச் சொன்னார். நாங்கள் பட்டியல் எதையும் வாங்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதையும் சொல்லி விடுவது தான் நீதி.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய்க்காக, பெங்களூரில் உள்ள கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தியது. கடன்காரர்களின் பணம் என்னாகும், முதலீட்டாளர்களின் பங்கு என்னாகும் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த நிறுவனத்தில் பதிவு செய்த கோடிக்கணக்கான பிள்ளைகளின் விவரங்கள் என்னாகும் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

சட்டம் எழுதும் மேஜையில் யார் உட்கார்ந்தார்கள்?

சகோதரர்களே! விஷயத்துக்கு இப்போது தான் வருகிறோம்.

2021 டிசம்பரில் சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம், ஆன்லைன் கல்வி நிறுவனங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பினார். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய கல்வி அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. யாருக்கு? நிறுவனங்களுக்கு அல்ல, பெற்றோருக்கு! போன் நம்பர், முகவரி போன்றவற்றைக் கொடுக்காதீர்கள், அவை விற்கப்படலாம் என்று அதில் இருந்தது. திருடனைப் பிடிக்க வேண்டிய போலீஸ், வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டச் சொன்ன கதை தான். 2022 ஜனவரி முதல் வாரத்தில், இந்த நிறுவனங்களுக்கு ஒரு பொதுக் கொள்கை தயாராகிறது என்று கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் சொன்னார்.

அப்படிச் சொன்ன சில நாட்களிலேயே என்ன நடந்தது தெரியுமா? பைஜூஸ், அன்அகாடமி, வேதாந்து, அப்கிராட் முதலிய நிறுவனங்கள், இந்திய இணையதள மற்றும் மொபைல் சங்கத்தின் குடையின் கீழ் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கி, எங்களை நாங்களே கட்டுப்படுத்திக் கொள்கிறோம் என்று ஒரு நடத்தை விதியை நீட்டின. அரசு சொன்ன பொதுக் கொள்கை சட்டமாக வரவில்லை. 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. வழிகாட்டுதல் என்பது வழிகாட்டுதல் தான். மீறினால் ஜெயில் இல்லை.

சங்கம் வைப்பதும் அமைச்சரைச் சந்திப்பதும் குற்றமா என்று கேட்பீர்கள். குற்றம் இல்லை. நாமும் அமைப்பு வைத்திருக்கிறோம். நாமும் மனு கொடுக்கிறோம். இட ஒதுக்கீட்டுக்காக எத்தனை முறை மனு கொடுத்தோம், எத்தனை மாநாடு போட்டோம்! 2007ல் 3.5 சதவீதம் அப்படித்தான் வந்தது. ஆனால் நாம் மனு கொடுத்தால் போஸ்டர் ஒட்டிக் கொடுக்கிறோம். என்ன கேட்டோம் என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. தெரியக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள்! 2022 நவம்பரில் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்பு மசோதாவின் வரைவை மத்திய மின்னணு அமைச்சகம் வெளியிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்றது. அந்த அறிவிப்பிலேயே, வரும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டாது, நம்பிக்கையின் அடிப்படையில் ரகசியமாக வைக்கப்படும் என்றும் சொன்னது. எந்தக் கம்பெனி எந்த வரியை எடுக்கச் சொன்னது, எந்த வரியைச் சேர்க்கச் சொன்னது என்பது அந்தக் கம்பெனிக்கும் அமைச்சகத்துக்கும் மட்டுமே வெளிச்சம். நம் பிள்ளையின் ரகசியம் கடைத்தெருவில் கிடக்கிறது. கம்பெனியின் மனு மட்டும் இரும்புப் பெட்டியில்!

எடுக்கப்பட்ட வரிகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம். 2017ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிறகு, நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018ல் ஒரு வரைவைத் தந்தது. அதிலும், 2019ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் 'கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் விவரங்கள்' என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. ஜாதி, மத நம்பிக்கை, அரசியல் நம்பிக்கை ஆகியவை அதில் இருந்தன. அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனிப் பிரிவே இல்லை. மதம் என்ற கட்டமும், பிடித்த ஐஸ்கிரீம் எது என்ற கட்டமும் இன்று சட்டத்தின் முன் ஒன்று தான். ஏன் எடுத்தார்கள்? யார் எடுக்கச் சொன்னார்கள்? பெட்டியைத் திறந்தால் தானே தெரியும்!

இட ஒதுக்கீட்டுக்காக நாம் பி.சி.எம். என்று எழுதித்தான் ஆக வேண்டும். அதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதிய விவரம் அந்த ஒரு காரியத்தோடு நிற்க வேண்டும் என்பது தான் நம் கேள்வி. எங்கே எந்தத் தெருவில் எத்தனை முஸ்லிம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், தகப்பன் என்ன தொழில் செய்கிறார், எந்த நம்பரில் கிடைப்பார் என்ற பட்டியல் இன்று ஹாஸ்டல் சீட் விற்பவன் கையில் இருக்கிறது. நாளை அது வேறு எவன் கைக்கும் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? கலவரங்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு வீடு தேடி வந்ததாகச் சாட்சி சொல்லப்பட்ட நாட்டில் வாழ்கிறோம். இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

சட்டத்தில் நல்லதே இல்லையா? இருக்கிறது. 18 வயது நிறையாதவர் குழந்தை. அவருடைய விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல வரிகள் தான். ஆனால் பின்னாலேயே, பாதுகாப்பாக நடந்து கொள்ளும் நிறுவனங்களுக்கு இந்த வயதை அரசு குறைத்துக் கொள்ளலாம் என்று ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் வந்த விதிகளில் கல்வி நிறுவனங்களுக்குக் கண்காணிப்பில் விலக்கு கொடுத்தார்கள். படிப்புக்காகவும் பிள்ளையின் பாதுகாப்புக்காகவும் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். கல்வி புகட்டும் எந்த நிறுவனமும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்றால், செல்போனில் பாடம் விற்கும் கம்பெனி வருமா, வராதா? கம்பெனிகளின் கடமைகளைச் சொல்லும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் பிரிவுக்கு ஒரு நாள் கூட அவகாசம் இல்லை. உடனே அமலுக்கு வந்தது! யாருக்கு அவசரம், யாருக்கு நிதானம் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

இந்தப் பட்டியல் வியாபாரம் அங்கேயும் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கான ஆய்வு மையம் என்ற பெயரில் ஒரு நிறுவனம், ஆசிரியர்கள் மூலமாகப் பள்ளி மாணவர்களிடம் படிவம் நிரப்ப வாங்கியது. கல்லூரிகளுக்கு மட்டும் கொடுப்போம் என்று சொல்லிவிட்டு வியாபாரிகளுக்கும் கொடுத்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2003ல் அதன் மீது உத்தரவு போட்டது. எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, 2019ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் மாநிலத்தில் 2,37,000க்கும் அதிகமான மாணவர்களின் விவரங்களைக் கட்டணம் பெற்றுக் கொண்டு கல்லூரிகள் முதலியவற்றுக்குக் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் 7,50,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக் கொண்டது. கனெக்ட் எஜு என்ற கல்லூரி வழிகாட்டி நிறுவனம் 2014ல் திவாலானது. அதன் கையில் 2 கோடி மாணவர்களின் விவரங்கள் இருந்தன. சொத்தோடு சொத்தாக அதையும் விற்கப் போனார்கள். மாணவர்களுக்குத் தெரிவித்து, வேண்டாம் என்பவர் விவரத்தை அழிக்க வாய்ப்புத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாயே என்று வர்த்தக ஆணையம் நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதியது. பைஜூஸ் திவாலானபோது நம் டெல்லியிலிருந்து இப்படி ஒரு கடிதம் போனதாக நீங்கள் படித்தீர்களா?

அந்த நிறுவனங்களும் வாஷிங்டனில் லாபி செய்கின்றன. ஆள் வைத்து, சம்பளம் கொடுத்து, எம்.பி.க்களைப் பார்க்கின்றன. ஆனால் 1995ல் வந்த ஒரு சட்டப்படி யாருக்காக, எந்தச் சட்டம் பற்றி, எவ்வளவு செலவில் பேசினோம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

இதன் அருமை நமக்கே ஒரு முறை தெரிந்தது. வால்மார்ட் கம்பெனி இந்தியச் சந்தைக்குள் நுழைவது முதலான விவகாரங்களுக்காக 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் லாபிக்குச் செலவிட்டதாக 2012 டிசம்பரில் செய்தி வந்து நாடாளுமன்றமே முடங்கியது. அந்தக் கணக்கு எங்கே கிடைத்தது? டெல்லியில் அல்ல, வாஷிங்டனில்! 2013ல் இங்கே ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அதே ஆண்டு ஒரிசா எம்.பி. காளிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபி வேலையைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை.

அமெரிக்காவைப் புகழ்கிறீர்களா என்று சிலர் கோபப்படுவார்கள். அமெரிக்கா மற்ற நாடுகளில் செய்த அநியாயங்களை இந்தப் பக்கங்களில் நாம் எழுதாத மாதம் உண்டா? புகழவில்லை. அங்கே கம்பெனிகளுக்குச் செல்வாக்கு இங்கே இருப்பதை விட அதிகம். கணக்கு எழுதுவதால் செல்வாக்கு குறைந்து விடவும் இல்லை. ஆனால் கணக்கு இருப்பதால் எதிர்த்து நிற்பவனுக்கு எதை எதிர்ப்பது என்று தெரிகிறது. நமக்கு அது கூடத் தெரியவில்லை.

இன்னும் சிலர், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, நாலு போன் வந்தால் கட் பண்ணிவிட்டுப் போக வேண்டியது தானே என்கிறார்கள். மகனுக்கு வந்த அழைப்பை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, அந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரமே இல்லை என்று இரண்டாம் ஆண்டில் தெரிந்து, நகையை மீட்க முடியாமல் நிற்கும் தாய்மார்கள் நெல்பேட்டையிலும் இருக்கிறார்கள், மகபூப்பாளையத்திலும் இருக்கிறார்கள். மார்க் குறைந்த பிள்ளை யார், கடன் வாங்கியாவது கட்டும் தகப்பன் யார் என்று பட்டியலில் பார்த்துத்தான் அவர்களுக்குப் போன் வந்தது.

மேலூர் மதுரைத் தொகுதியில் வருகிறது. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர்த் தொகுதியில். சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனித் தொகுதியில். ஆக நம் மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள். மூவரிடமும் மனு கொடுக்கப் போகிறோம். மின்னணு அமைச்சகத்துக்கு வந்த கருத்துகளை வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். ஜாதி, மத விவரத்துக்குத் தனிப் பாதுகாப்பை மீண்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். லாபியைப் பதிவு செய்யச் சட்டம் கேளுங்கள். இந்த மூன்று தான் கோரிக்கை. மனுவின் நகல் ஒவ்வொரு கிளைக்கும் வரும். கையெழுத்து மட்டும் வாங்குங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் போன் நம்பர் கேட்டு ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அடித்துவிடச் சொல்லிவிட்டேன்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மே மாதம் உங்கள் மஹல்லாவில் முகாம் நடத்தினால் பதிவேட்டில் பெயரும் ஊரும் போதும். முகாம் முடிந்ததும் அது உங்கள் பீரோவில் இருக்கட்டும். பிரியாணிக்கு ஆள் வந்தால், எங்களிடம் சொல்லுங்கள். வசூல் செய்து கொள்வோம்.

அன்று ஜெராக்ஸ் எடுத்துப் போன பதிவேட்டின் ஒரிஜினல் இன்னும் எங்கள் அலுவலகத்தில் தான் இருக்கிறது. அதில் இருக்கும் வீடுகளுக்கு நானும் இரண்டு சகோதரர்களும் ஒவ்வொன்றாகப் போய்க் கொண்டிருக்கிறோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறோம். காஜிமார் தெரு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் முனிச்சாலை.